ஆர்டிஸ் தானே திறக்கும் மூடி

என் மனைவி ஆர்டிஸ் எங்கள் கொட்டகையில் ஒரு விமானம் கட்டினாள். இரண்டு பேர் உட்காரக்கூடிய, இறக்கை தாழ வைத்த அலுமினிய விமானம். அதில் நான் அடித்தது தகடுகளை இணைக்கும் ரிவிட் ஆணி ஒன்றே ஒன்று. அதையும் மறுநாளே அவள் துளைத்து எடுத்துவிட்டு வேறு அடித்தாள். நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறவன். அவளுக்குக் காபி கொண்டுபோய்க் கொடுத்தது, விளக்குப் பிடித்தது, அவள் கணக்குப் போடும்போது வாயை மூடிக்கொண்டிருந்தது, இவ்வளவுதான் என் பங்கு. ஆனாலும் அந்த விமானத்தைப் பற்றி யாராவது விசாரித்தால் அவளை முந்திக்கொண்டு நான்தான் பேசுவேன். அதற்காக நான் வெட்கப்படுவதில்லை.

வடக்கு ஐயோவாவில் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் அபூர்வம் ஒன்றுமில்லை. இங்கே குளிர்காலம் நீளம், கொட்டகைகள் பெரிசு. எங்கள் ஹால்வர் ஊரின் புல்வெளி ஓடுதளத்தில் நிற்கும் விமானங்களில் பாதி, யாரோ ஒருவருடைய டிராக்டர் கொட்டகையில் பிறந்தவைதான். ஆனால் வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மட்டுமே உள்ள ஒருத்தி கட்டியது இது ஒன்றுதான். மற்ற மூன்று விரல்களை வைக்கோல் கட்டுகிற இயந்திரம் எடுத்துக்கொண்டபோது அவளுக்கு முப்பது வயது. அடுத்த வருஷமே விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனாள். ஏன் என்று கேட்டதற்கு, "அந்த மிஷினுக்கு ஒரு பதில் சொல்லணும்ல" என்றாள். அதற்குப் பிறகும் வெகுகாலம் பால் மாடுகள் வைத்திருந்தாள். மாடுகளை விற்றபிறகுதான் அலுமினியத் தகடுகள் வீட்டுக்கு வரத் தொடங்கின.

நான் சொல்ல வந்தது அந்த விமானத்தின் மூக்கில் இன்ஜினை மூடியிருக்கும் கூட்டைப் பற்றி. கௌலிங் என்பார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மூடி என்றே பெயர். ஃபைபரில் செய்த மேல் பாதி ஒன்று, கீழ்ப் பாதி ஒன்று. இந்த இரண்டையும் ஒன்றோடொன்றும், பிறகு விமானத்தின் உடம்போடும் எதைக் கொண்டு பூட்டுவது என்பதில் ஒரு குளிர்காலமே போயிற்று. ஆர்டிஸும் அவள் தம்பியும் கொஞ்சநாள் பேச்சுவார்த்தை இல்லாமல்கூட இருந்தார்கள்.

தம்பி பெயர் வெண்டல். மினியாபோலிஸில் ஒரு பெரிய விமானக் கம்பெனியில் தகட்டு வேலை செய்கிறான். அக்காளுக்கு முன்னாலேயே இதே ஜாதி விமானம் ஒன்று கட்டி, அதற்குப் பரிசெல்லாம் வாங்கியவன். அவனுடைய விமானத்தின் மூக்கைத் தடவிப் பார்த்தால் முட்டையைத் தடவுவதுபோல இருக்கும். ஒரு ஸ்க்ரூ தலை வெளியே தெரியாது. எல்லாம் மறைவுக் கீல். மூடியின் ஓரத்தில் ஒரு வரிசைப் பல், உடம்பின் ஓரத்தில் ஒரு வரிசைப் பல். இரண்டையும் கோத்து, நடுவில் நீளமான கம்பியைச் செருகிவிட்டால் தீர்ந்தது வேலை. திறக்க வேண்டுமானால் கம்பியை உருவ வேண்டும்.

அக்காளின் விமானத்துக்கும் அவனே சனிக்கிழமைகளில் வந்து கீல் வைத்துக் கொடுத்தான். வைத்து முடித்த அன்று, "போட்டுப் பாருக்கா" என்று கம்பியை நீட்டினான்.

அவள் போட்டாள். நேரான பக்கங்களில் கம்பி போயிற்று. மேலே, மூடி வளைகிற இடத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. அங்கே ஒரு கையால் அழுத்திப் பிடித்து, இன்னொரு கையால் முறுக்கித் தள்ள வேண்டும். அவளுடைய வலது கை வழுக்கிக்கொண்டே இருந்தது. இடது கையால் முயன்றாள். உடம்பைச் சாய்த்து முயன்றாள். கம்பி வளைந்துகொண்டதுதான் மிச்சம். வெண்டல் அதை வாங்கி இரண்டு தள்ளில் உள்ளே செலுத்தினான்.

"இதுக்கு ஒரு பழக்கம் வேணும். நான் வந்து போட்டுத் தரேன்க்கா."

"நீ இருக்கிறது மினியாபோலிஸ்ல."

"வருஷத்துக்கு ஒரு தடவைதானே முழுசாக் கழட்டப் போற. எண்ணெய் பாக்கறதுக்குத்தான் மேல சின்னக் கதவு இருக்கே."

"நீ உன்னோடதை வருஷத்துக்கு ஒரு தடவைதான் கழட்டுறியா?"

"நல்லா ஓடிக்கிட்டிருக்கறதை எதுக்குக்கா நோண்டணும்?"

ஆர்டிஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். "மடியத் தொட்டுப் பாக்காம நான் ஒரு நாளும் மாட்டைக் கறந்ததில்ல. பறக்கறதுக்கு முன்னாடி நான் இன்ஜினைப் பாக்கணும். சின்னக் கதவு வழியா எட்டிப் பாக்கறது இல்ல. முழுசாப் பாக்கணும். யாரையும் கூப்பிடாம பாக்கணும்."

"ஓடுதளத்துல யாராச்சும் இருப்பாங்கக்கா. ஒரு கை குடுக்கச் சொன்னா குடுக்க மாட்டாங்களா?"

"குடுப்பாங்க. எனக்குத்தான் கேக்க வராது."

"அழகா இருக்கும்க்கா, கீல் வச்சா."

"உன் அழகு உன் விமானத்துல இருக்கட்டும்டா. எனக்குத் தெறக்க வராத மூடி என் விமானத்துல எதுக்கு?"

அவன் அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை வந்தபோது, அவன் ஒட்டியும் ரிவிட் அடித்தும் வைத்த கீல் மொத்தமும் ஒரு காபி டப்பாவுக்குள் சுருண்டு கிடந்தது. அவள் திங்கட்கிழமை தொடங்கி ஒவ்வொரு ரிவிட்டாகத் துளைத்து எடுத்திருந்தாள். வெண்டல் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வண்டியேறிப் போய்விட்டான். அன்றைக்கு நான் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் அடுக்கிச் சுட்டு வைத்திருந்தேன். என் சமையலைச் சாப்பிடாமல் அவன் போனது அந்த ஒரு நாள்தான்.

பிறகு ஆர்டிஸ் தன் தேடலை ஆரம்பித்தாள். ஒட்டுப்பலகை ஒன்றைக் கொட்டகைக் கதவில் நிறுத்தி, கடையில் கிடைக்கிற பூட்டு வகைகளையெல்லாம் அதில் பொருத்தி, ஒவ்வொன்றையும் நூறு தரம் திறந்து மூடினாள். வெறுங்கையால் ஒரு முறை, குளிருக்குப் போடும் கையுறையோடு ஒரு முறை. சாதாரண ஸ்க்ரூ முதலில் கழிந்தது. ஒவ்வொன்றையும் கடைசிவரை சுற்றி எடுக்க வேண்டும். எடுத்ததைக் கீழே போட்டுவிட்டால் புல்லில் தேட வேண்டும். அடுத்து, காது வைத்த பூட்டு. அதற்குக் கருவியே வேண்டாம், விரலால் திருப்பலாம். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

"இதையே வச்சிடேன்" என்றேன்.

"காத்துல இந்தக் காது நிமிர்ந்து நின்னா என்ன ஆகும் தெரியுமா? அதுவே தெறந்துக்கும்ப்பா."

"நான் சும்மா சொன்னேன்."

"நீ காபி கொண்டா."

கடைசியில் அவள் மனசுக்குப் பிடித்தது கால்சுற்றுப் பூட்டு. மூடியோடேயே தொங்கிக்கொண்டிருக்கும் குட்டையான ஆணி. உள்ளே அழுத்திக் கால் சுற்று திருப்பினால் பூட்டிக்கொள்ளும். திருப்பித் திருப்பினால் டக்கென்று வெளியே வரும். கழன்று கீழே விழாது. அதிலும் தலையில் கூட்டல் குறி வெட்டியது, ஒற்றைக் கோடு வெட்டியது என்று இரண்டு உண்டு. கூட்டல் குறியில் அவளுக்கு ஸ்க்ரூடிரைவர் நழுவியது. அகலமான ஒற்றைக் கோட்டில், குண்டு மரப்பிடி வைத்த குட்டை ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையால் அழுத்தி மணிக்கட்டைத் திருப்பினால் போதும். விரலுக்கு அங்கே வேலையே இல்லை. இன்னொரு சௌகரியமும் அதில் இருந்தது. பூட்டியிருக்கும்போது கோடுகளெல்லாம் ஒரே திசையில் படுத்திருக்கும்படி வைத்துவிட்டால், ஏதாவது ஒன்று பூட்டாமல் விட்டுப்போயிருந்தால் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

கையுறையோடு பலகையில் இருந்த வரிசையை மளமளவென்று திறந்து காட்டிவிட்டு, "பாத்தியா?" என்று அவள் திரும்பியபோது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதல் முறை தனியாக வானத்தில் பறந்துவிட்டு வந்த அன்றும் அதே முகம்தான்.

ஆனால் எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. வசந்தத்தில் இன்ஜினை முதல்முதலாக முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. ஆர்டிஸுக்குத் தெரியாமல் நான்தான் வெண்டலுக்குப் போன் போட்டேன். "வருவேன், ஆனா ஒண்ணும் பேச மாட்டேன்" என்றான். வந்தான். மூடியைச் சுற்றி ஒரு நடை நடந்தான். சொன்னபடியே ஒன்றும் பேசவில்லை.

விமானத்தின் வாலைக் கயிற்றால் எங்கள் பிக்கப் வண்டியில் கட்டினோம். ஆர்டிஸ் உள்ளே உட்கார்ந்து இன்ஜினைக் கிளப்பினாள். மெதுவாக ஓடும்போது ஒரு குறையும் இல்லை. முழு வேகத்துக்குப் போனதும் மூடியின் பக்கவாட்டு ஓரம், அடுப்பில் ரொட்டி உப்புவதுபோல, பூட்டுக்கும் பூட்டுக்கும் நடுவே உப்பிக்கொண்டு வந்தது. கீழ் மூலையில் இரண்டு பூட்டுகள் தாமாகவே தெறித்துத் திறந்தன. ஓரம் படபடவென்று அடித்துக்கொண்டது. நான் கையைக் காட்டுவதற்குள் அவள் இன்ஜினை நிறுத்திவிட்டாள்.

புரொப்பெல்லர் நின்றது. வெண்டல் சொல்லிக்காட்டியிருக்கலாம். சொல்லிக்காட்டுவான் என்றுதான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அவன் குனிந்து, தெறித்த பூட்டை விரலால் அசைத்துப் பார்த்தான்.

"ஏன்க்கா இவ்வளவு எட்ட எட்ட வச்சிருக்க?"

"நெருக்கமா வச்சா தெறக்க நேரமாகும்னு பாத்தேன்" என்றாள் ஆர்டிஸ். குரல் இறங்கிப் போயிருந்தது.

"முன்னாடி ஓட்டை வழியா உள்ள பூந்த காத்து சும்மா இருக்குமா? மூடியத் தள்ளத்தான் செய்யும். ஆணி எல்லாம் ஒரே நீளமா வாங்கிட்டியா?"

"ஆமாம்."

"மூலையில ஃபைபர் ரெண்டு அடுக்கு. அங்க உன் ஆணி முழுசா எட்டல. நுனி மட்டும் மாட்டிக்கிட்டு நின்னுருக்கு. அதான் தெறிச்சுது."

அவள் தலையை ஆட்டினாள். தான் செய்த தப்பைப் பார்க்கும்போது அவள் எப்போதும் அதன் கிட்டே போய், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்ப்பாள். அப்படித்தான் பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்போ கீல்தான் சரின்னு சொல்ல வர்றியா?"

வெண்டல் நிமிர்ந்தான். "உன் பூட்டு தப்பில்லக்கா. நீ வச்ச இடம்தான் தப்பு."

அவன் அன்று ராத்தங்கினான். மறுநாள் சர்ச்சுக்குப் போய் வந்து இருவரும் வேலையில் இறங்கினார்கள். ஒவ்வொரு பூட்டு வரும் இடத்திலும் ஃபைபரின் கனத்தைத் தனித்தனியாக அளந்தார்கள். அளவைக் காகித டேப்பில் எழுதி அந்தந்த இடத்திலேயே ஒட்டினார்கள். கனத்துக்குத் தக்கபடி ஆணி. மெலிந்த இடத்தில் உள்பக்கம் இன்னொரு அடுக்கு ஃபைபர். ஆணித் தலை ஃபைபரை அரித்துத் தின்னாமல் இருக்க ஒவ்வொன்றுக்கும் கிண்ணம் போன்ற ஒரு எஃகு வாஷர். இடைவெளியைப் பாதியாகக் குறைத்தார்கள். அடுத்து வந்த வாரக்கடைசிகளும் இதிலேயே கழிந்தன. நடுநடுவே அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதைக் கேட்டபடி நான் சமையலறையில் நிம்மதியாக வெங்காயம் அரிந்தேன்.

இரண்டாவது முறை வாலைக் கட்டி ஓட்டியபோது மூடி அசையவில்லை. இறக்கைக்குப் பின்னால் நின்று ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்த வெண்டல் எனக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

ஜூன் மாதம், அரசாங்கத்துச் சோதனை அதிகாரி வந்தார். ஒல்லியான மனிதர். குற்றம் சொல்லும்படியாக ஒன்றும் நடந்துகொள்ளவில்லை. ஆனால் வந்ததிலிருந்து கேள்வியெல்லாம் வெண்டலைப் பார்த்தே கேட்டார். வெண்டல் ஒவ்வொரு தடவையும், "அக்காவக் கேளுங்க, அவங்கதான் கட்டுனாங்க" என்றான். அவரும் அப்போதைக்கு ஆர்டிஸ் பக்கம் திரும்புவார், அடுத்த கேள்வி மறுபடி வெண்டலிடம் போய்விடும்.

"இன்ஜினைப் பாக்கணும். மூடியக் கழட்டிடலாமா?" என்றார்.

வெண்டல் பழக்கதோஷத்தில் ஓர் அடி முன்னால் வைத்தான். அதிகாரியும் தாங்கிப் பிடிப்பதற்காகக் கையை நீட்டினார்.

"ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க" என்றாள் ஆர்டிஸ்.

குட்டை ஸ்க்ரூடிரைவரை உள்ளங்கையில் பொதித்துக்கொண்டு இடப்பக்கத்திலிருந்து தொடங்கினாள். டக், டக், டக். அவசரமே இல்லை. மேலே சுற்றி வலப்பக்கம் வந்தாள். கடைசிப் பூட்டு வெளியே குதித்ததும், மேல்மூடிக்கு அடியில் வலது முன்கையைக் கொடுத்து, இடது கையால் மூக்கைப் பிடித்து, கைக்குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்துப் புல்லில் விரித்திருந்த போர்வையில் வைத்தாள். பிறகு கீழ்மூடி. அதையும் முழங்காலில் தாங்கி இறக்கினாள். வெயிலில் இன்ஜின் அப்படியே திறந்து நின்றது.

அதிகாரி அவளுடைய கையைப் பார்த்தார். உடனே கண்ணை எடுத்துக்கொண்டார்.

"இதை எப்பவும் தனியாவே பண்றீங்களா?"

"ஒவ்வொரு தடவையும்."

அதற்குப் பிறகு அவர் வெண்டல் பக்கம் ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. இன்ஜின், எண்ணெய்க் குழாய், கம்பிகள், புரொப்பெல்லர், எல்லாவற்றுக்கும் கேள்வி நேராக ஆர்டிஸுக்குப் போயிற்று. பதிலும் நேராக வந்தது. கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்போது, "நல்ல வேலை, மிஸஸ் டாலஃப்சன்" என்றார். எங்கள் பக்கத்து மனிதர்கள் வாயிலிருந்து அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது.

முதல் பறப்புக்கு வெண்டல் தன் விமானத்திலேயே வந்து இறங்கினான். ஊரில் பலர் வந்திருந்தார்கள். சர்ச்சுப் பெண்கள் புளிப்பான ரூபார்ப் தண்டு போட்ட கேக் கொண்டுவந்திருந்தார்கள். காற்றில்லாத காலை. மூடியைத் திறந்து, பார்த்து, மூடி, கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் படுத்திருக்கின்றனவா என்று தள்ளி நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆர்டிஸ் ஏறிக்கொண்டாள். புல்லில் ஓடியது, தூக்கிக்கொண்டது, சோளக்காட்டுக்கு மேலே போய்த் திரும்பியது. அவள் ஊரைச் சுற்றிக்கொண்டிருந்த நேரம் முழுவதும் நான் என் தொப்பியைக் கசக்கிக்கொண்டிருந்தேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகமில்லை. எங்கள் சமையலறை மேஜையில் வரைபடத்தை விரித்துப் பார்த்துப் பார்த்துக் கொட்டகையில் செய்த பொருள் ஒன்று ஆகாயத்தில் சத்தம் போட்டுக்கொண்டு போகிறது, உள்ளே என் மனைவி உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும்தான் மனசில் இருந்தது.

இறங்கி வந்தவளை எல்லோரும் கட்டிப்பிடித்தார்கள். கேக்கை வெட்டலாம் என்றார்கள். "ஒரு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு அவள் ஸ்க்ரூடிரைவரை எடுத்தாள்.

"சாப்பிட்டு அப்புறம் பாரேன்" என்றேன்.

"சூடா இருக்கும்போதே பாத்துடறேன்ப்பா."

மூடியைத் திறந்தாள், குனிந்தாள், அப்படியே நின்றாள். பிறகு, "வெண்டல், இங்க வா" என்றாள். எண்ணெய் போகும் ரப்பர்க் குழாய் ஒன்று, இன்ஜினைத் தாங்கும் இரும்புக் குழாயோடு உரசிக்கொண்டிருந்தது. தரையில் அது தள்ளித்தான் இருந்தது. ஆகாயத்தில் இன்ஜின் அசைந்தபோது தொட்டிருக்கிறது. உறையில் பளபளவென்று ஒரு தேய்ந்த தடம். ஒரே பறப்பில் அவ்வளவு.

"இந்தக் குழாயை யாரு கட்டுனது?" என்றான் வெண்டல்.

"நான்தான். வேற யாரு?"

அவன் அந்தத் தடத்தைத் தடவினான். இன்னும் நாலு பறப்பு போயிருந்தால் குழாய் அறுந்து, ஆகாயத்திலேயே எண்ணெய் முழுவதும் வழிந்து போயிருக்கும். இருவருமாகப் புதுக்குழாய் போட்டு, தள்ளிக் கட்டி, இடையில் ரப்பர்த் துண்டு வைத்துப் பிடித்தார்கள். முடித்ததும் வெண்டல் கையைக் கழுவாமல் அங்கேயே நின்றான்.

"என்னடா யோசனை?"

"என்னோடதுல அந்தக் குழாயைக் கடைசியா எப்பப் பாத்தேன்னு யோசிக்கறேன்."

சொல்லிவிட்டு இடுக்கியை எடுத்துக்கொண்டு தன் விமானத்தை நோக்கி நடந்தான். அன்று மதியம் முழுவதும் அவன் கம்பி உருவினான். பக்கவாட்டுக் கம்பிகள் வந்துவிட்டன. மேல் வளைவில் இருந்தது பாதியில் சிக்கிக்கொண்டது. ஆர்டிஸ் புல்லில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் கேக் தட்டை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தாள்.

"அழகா இருக்குடா வெண்டல்."

"பேசாம இரு அக்கா."

"ஓடுதளத்துல யாராச்சும் இருப்பாங்க. ஒரு கை குடுக்கச் சொல்லு."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு வழியாகத் திறந்து பார்த்தபோது அவனுடையதில் குறை ஒன்றும் இல்லை. எல்லாம் சுத்தம். ஆனாலும் ஊருக்குப் புறப்படுவதற்கு முன் அக்காளிடம் வந்து, அந்தப் பூட்டுகளையும் எஃகு வாஷர்களையும் எந்தக் கடையில் வாங்கினாள் என்று கேட்டுக்கொண்டு போனான்.

சோதனைப் பறப்புகள் முடிந்த அடுத்த கோடையில் நாங்கள் இருவரும் பக்கத்து மாநிலத்தில் நடந்த ஒரு விமானக் கூட்டத்துக்குப் பறந்துபோனோம். புல்லில் வரிசையாக நிறுத்திவிட்டு, இறக்கை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். வந்தவர்களில் ஒருவர் மூக்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம், "நல்லா இருக்கு. கீல் வச்சிருந்தா இன்னும் வழவழன்னு இருந்திருக்கும். நீங்க கட்டுனதா?" என்றார்.

"நான் சமையல்காரன். கட்டுனவ இவ" என்றேன்.

அவர் பின்னால் இன்னொருவர் நின்றிருந்தார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட மனிதர். இடது கை மடங்கியே இருந்தது. தன் கொட்டகையிலும் பாதி கட்டிய விமானம் ஒன்று நிற்பதாகவும், உடம்புக்கு வந்தபிறகு அதன்மேல் போர்வையைப் போட்டு மூடிவிட்டதாகவும் சொன்னார். ஆர்டிஸ் எழுந்து ஸ்க்ரூடிரைவரை அவருடைய நல்ல கையில் கொடுத்தாள்.

"விரலால பிடிக்காதீங்க. உள்ளங்கையில வச்சு அழுத்துங்க. ம், இப்பத் திருப்புங்க."

டக் என்றது. அவர் அடுத்ததையும் திறந்தார். அதற்கடுத்ததையும். ஆர்டிஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதையும் தொடாமல், அவரோடு கூடவே நடந்தாள். நிழல் நகர்ந்துவிட்டது, நான் நாற்காலியை நகர்த்தவில்லை. பொட்டலத்திலிருந்த ஹாம் சாண்ட்விச் இரண்டில் ஒன்றைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே, அந்தப் பக்கமாகப் போன எல்லோரிடமும், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், அது என் மனைவி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.